ஒரு தோட்டப் பாதையின் கணக்கைக் கேட்டு வாங்கிய அனுபவம்

இலங்கை மலையகத்திலுள்ள ஹட்டனில் நான்கு பக்க மாதப் பத்திரிகை ஒன்றை நடத்திவருகிறேன். ‘தேசபக்தன்’ பத்திரிகையை நடத்திய கோ. நடேசய்யர் 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கியவர். 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அன்றைய சட்டமன்றமான அரசாங்க சபைக்குத் தெரிவானவர். அவருடைய மனைவி மீனாட்சி அம்மையார் பாட்டுக் கட்டித் தொழிலாளரிடம் பாடினார். அப்படிப்பட்டவர்கள் வாழ்ந்த மண்ணில் கூட்டச் செய்திகளை மட்டும் அச்சடித்துக்கொண்டிருக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் மேல் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, போகும் கொங்கிரீட் பாதை நடுவழியில் நின்றுவிட்டது. அதற்கப்பால் சேறுதான். கொழுந்து மூட்டையோடு இறங்கும் பெண்கள் ஒரு கையால் தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டே கால் வைப்பார்கள். ஆனால் வேலை முடிந்துவிட்டதாக உள்ளூராட்சி அமைப்பான பிரதேச சபையின் அலுவலகத்தில் சொன்னார்கள். தோட்டத்துக்குள் சபை நிதியைச் செலவிடப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தடையாக இருந்து, 2018இல்தான் திருத்தம் வந்தது. அத்தனை காலம் காத்திருந்து கிடைத்த பாதை இது. கணக்கைக் கேட்காமல் விடக்கூடாது என்று தீர்மானித்தேன்.

தகவலுக்கான உரிமைச் சட்டம் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். எதற்காகக் கேட்கிறோம் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. என் முதல் விண்ணப்பத்தில் “பாதை ஏன் அரைகுறையாக நிற்கிறது?” என்று எழுதியிருந்தேன். அதற்கு இரண்டு வரியில் மழுப்பலான பதில் வந்தது. ஏன், எதற்கு என்று கேட்டால் இப்படித்தான் நழுவுவார்கள். கோப்பில் இருக்கும் தாளைத்தான் கேட்க வேண்டும். இரண்டாவது முறை, தகவல் கோரும் விண்ணப்பமான ஆர்.டி.ஐ. 01 படிவத்தில் மூன்றே மூன்று கேட்டேன்: மதிப்பீட்டுப் பிரதி, ஒப்பந்தப் பிரதி, பணம் கொடுத்த பற்றுச்சீட்டு. பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைக் கலண்டரோடு சேர்த்துக் குத்திவைத்தேன்.

பதில் தருவதற்கான கெடு 14 வேலை நாட்கள். போயா என்னும் பௌர்ணமி விடுமுறையையும் சனி, ஞாயிறையும் கழித்து எண்ணினேன். பதில் இல்லை. உடனே, மேன்முறையீட்டைப் பார்க்கும் ‘குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு’ எழுதினேன். மேன்முறையீடு செய்வதற்கும் 14 நாள் கெடு உண்டு. கோபத்திலோ சலிப்பிலோ அதைத் தவறவிடக் கூடாது. அங்கும் சரிவராவிட்டால் கொழும்பிலுள்ள தகவலுக்கான உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். எனக்கு அதுவரை போக வேண்டியிருக்கவில்லை. மூன்றாவது வாரம் பிரதிகள் வந்தன, முழுவதும் சிங்களத்தில். தமிழும் அரசகரும மொழி என்று சுட்டிக்காட்டி மறுபடி எழுதினேன். தமிழ்ப் பிரதி வரும்வரை ஒரு வரிகூட அச்சுக்குக் கொடுக்கவில்லை. விளங்காத தாளை வைத்து ஒருவரைக் குற்றம் சாட்டுவது பத்திரிகைக்காரனுக்குப் பெரிய பாவம் என்று நம்புகிறேன்.

பின்னேரம் கொழுந்தை எடை போட்ட பிறகு, மேசன் ஒருவரின் அளவு நாடாவை இரவல் வாங்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். ஒரு முனையை ஓர் அம்மா பிடித்தார், மறுமுனையை அவருடைய மகன். கொங்கிரீட் முடியும் இடத்தில் நாடாவைத் தரையோடு அழுத்திக்கொண்டு, “தம்பி, சரியாக எழுதிக்கொள்ளுங்கள்” என்றார் அம்மா. மதிப்பீட்டில் இருந்த நீளத்தில் பாதிகூட வரவில்லை.

அளவையும் மதிப்பீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முதல் பக்கத்தில் போட்டோம். அடைமொழி எதுவும் சேர்க்கவில்லை. அடுத்த மாதம் ஜல்லி வந்து இறங்கியது. வேலை இன்னும் முடியவில்லை. நான்காம் பக்கத்தில் விண்ணப்பப் படிவத்தின் மாதிரியை அச்சிட்டிருந்தோம். போன ஞாயிறு வேறு தோட்டத்திலிருந்து மூன்று பேர் அதை நிரப்பி எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள்.