காத்தடிச்சா கட் ஆகுற நெட்டு: மைனஸ் 27ல இருந்து மைனஸ் 20க்கு வந்தது எப்படி

தென்காசில ஆடிக் காத்து எப்படி அடிக்கும்னு இந்தப் பக்கத்துக்காரங்களுக்குத் தெரியும். இந்தத் தடவை காத்து ஆரம்பிச்ச நாள்ல இருந்து எங்க வீட்டு ஃபைபர் நெட்டும் விட்டு விட்டுத்தான் வந்துச்சு. வீட்டுக்காரி வீட்ல இருந்துதான் வேலை பாக்குறா, மீட்டிங்ல பேசிட்டு இருக்கும்போதே கட் ஆகும், திரும்ப உள்ள போயி சாரி கேக்கணும், மூணு வாரம் அவ பட்ட பாட்ட பாக்கவே கஷ்டமா இருந்துச்சு. கஸ்டமர் கேருக்கு நாலு தடவை போன் பண்ணேன். ரவுட்டர ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கன்னுவாங்க, கொஞ்ச நேரம் வரும், உடனே கம்ப்ளைன்ட க்ளோஸ் பண்ணிருவாங்க.

மொதல்ல வைஃபை மேலதான் சந்தேகம். 2.4ல சேனல் 1, 6, 11னு மாத்திப் பாத்தேன், 5 கிகாஹெர்ட்ஸுக்கும் போனேன், ஒண்ணும் நடக்கல. அப்புறம் லேப்டாப்ப லேன் வயர்ல நேரா மாட்டி, ரெண்டு கமாண்ட் விண்டோ தொறந்து ஒண்ணுல 192.168.1.1க்கும் (நம்ம ரவுட்டர்) இன்னொண்ணுல 8.8.8.8க்கும் (வெளிய இருக்க கூகுள் சர்வர்) பிங், அதாவது பதில் வருதான்னு பாக்குற கமாண்ட், ஓட விட்டேன் (கடைசில மைனஸ் டி போட்டா நாமளா நிறுத்துற வரைக்கும் ஓடும்). வாசல் வேப்பமரம் ஆட ஆரம்பிச்சதும் ரெண்டாவது விண்டோல வரிசையா டைம்டு அவுட். முதல் விண்டோல மட்டும் 1 மில்லிசெகண்ட்ல பதில் வந்துக்கிட்டே இருக்கு. அப்ப ரவுட்டர் வரைக்கும் சரி, அதுக்கு அந்தப் பக்கம்தான் கோளாறு.

ரவுட்டர் அடில ஒட்டிருக்க ஸ்டிக்கர்ல யூசர்நேம் பாஸ்வேர்டு இருக்கும், அத வச்சு ரவுட்டர் செட்டிங்ஸ் பக்கத்துக்குள்ள போயி ஆப்டிகல் பவர், அதாவது ஃபைபர்ல வர்ற வெளிச்சம், எவ்ளோன்னு பாத்தேன். ஆர்எக்ஸ் (நமக்கு வந்து சேர்ற வெளிச்சம்) மைனஸ் 27.4 டிபிஎம். டிபிஎம்ங்கிறது அந்த வெளிச்சத்த அளக்குற அளவு, மைனஸ்ல நம்பர் ஏற ஏற வெளிச்சம் கம்மி. இதப் பாத்துதான் எனக்குத் தெளிஞ்சுது. வீட்டு ஃபைபர்ல மைனஸ் 27, 28 தாண்டுனா ரவுட்டர் பெட்டிக்கு வெளிச்சம் பத்தாது, லாஸ் (LOS, சிக்னல் இல்லன்னு காட்டுற) லைட் சிவப்பா மின்ன ஆரம்பிச்சிரும். 3 டிபி குறைஞ்சாலே வெளிச்சம் பாதியாயிரும். நாங்க விளிம்புல நின்னுட்டு இருந்திருக்கோம், ஒரு காத்துக்கே விழுந்துரும்.

அந்த ஸ்கிரீன போட்டோ எடுத்து அனுப்பி, பவர் கம்மியா இருக்கு, லைன்மேன் வரணும்னு கேட்டேன். மறுநாளே ஒரு தம்பி வந்தாரு. பெட்டில இருந்து ஃபைபர உருவி சிவப்பு லைட் பேனாவ அதுல சொருகுனாரு. "அண்ணே, ரூம் லைட்ட அணைங்க"ன்னாரு. அணைச்சா, பீரோவுக்குப் பின்னாடி சுவத்தோரமா ஒரு புள்ளி செக்கச்செவேல்னு எரியுது. பொங்கலுக்கு வெள்ளையடிச்சுட்டு பீரோவ தள்ளி வச்சப்ப ஒயரு மடங்கி நசுங்கிருக்கு, போக வேண்டிய வெளிச்சம் அங்கயே கசிஞ்சிட்டு இருக்கு. பீரோவ நகத்தி வளைவ எடுத்ததும் மைனஸ் 24. ஆனா காத்தடிச்சா இன்னும் இறங்குது, அதனால தம்பி போஸ்ட்ல ஏறிப் பாத்தாரு. பாக்ஸ் மூடி தொறந்து கெடந்துருக்கு, வேப்பங்கிளை எங்க ஒயர இழுத்து இழுத்து உள்ள ஜாயின்ட் கெட்டுப் போயிருக்கு. புதுசா ஸ்ப்ளைஸ் அடிச்சு (ஃபைபர் முனைகள திரும்ப சேத்து ஒட்டுறது), ஒயர கொஞ்சம் தொய்வா விட்டு கட்டிட்டு இறங்குனாரு. மைனஸ் 19.9!

ரெண்டு விஷயம் கண்டிப்பா சொல்லணும். ஃபைபர் முனைய கண்ணுகிட்ட கொண்டு போயி பாக்காதீங்க, உள்ள வர்ற லேசர் கண்ணுக்குத் தெரியாது, ஆனா கண்ணுக்கு ஆபத்தாகலாம். இன்னொண்ணு, பின்னாடி இருக்க ரீசெட் ஓட்டைல ஊசி வச்சுக் குத்தாதீங்க, கனெக்‌ஷனோட யூசர்நேம் பாஸ்வேர்டு அழிஞ்சுட்டா அதுக்கும் ஆள் வரணும்.

நேத்து ராத்திரி காத்து வெளுத்து வாங்குச்சு, எந்திரிச்சு பாத்தேன், மைனஸ் 20.1. உள்ரூம்ல வீட்டுக்காரி மீட்டிங்ல பேசிட்டு இருந்தா.