பொழுது இன்னும்

அஞ்செட்டி மலைப்பாதையில் டிராக்டர் கவிழ்ந்த அந்த ஜனவரி நாளுக்காக, 108 ஆம்புலன்ஸ் உதவியாளனாக நான் நிரப்பிய படிவத்தில், டூர்னிகெட் (ரத்தப்போக்கை நிறுத்த இறுக்கும் பட்டை) கட்டிய நேரம் இரவு 7.25 என்று என் கையெழுத்தில் இருக்கிறது. அது சரியான நேரம்தான். ஆனால் அந்தக் காலில் விழுந்த முதல் கட்டு என்னுடையதல்ல.

நாங்கள் போய்ச் சேரும் முன்பே ஊர்க்காரர்கள் அடிபட்டவரை டிரெய்லருக்கு அடியிலிருந்து இழுத்துப் பாதையோரம் கிடத்தியிருந்தார்கள். வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியிருந்தது. தொடையில் யாரோ தலைத்துண்டைச் சுற்றி, அதில் ஒரு குச்சியைச் செருகி முறுக்கி, குச்சி திரும்பாதபடி இன்னொரு முடிச்சும் போட்டிருந்தார்கள். வெறுமனே இறுக்கிய துணி பெரும்பாலும் ரத்தம் இதயத்துக்குத் திரும்பும் சிரைகளை மட்டும் அடைத்துவிட்டு, காலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியை விட்டுவிடும். ரத்தப்போக்கு அதனால் கூடவும் செய்யும். இந்தக் கட்டோ தமனியையே நிறுத்தியிருந்தது. அவர் உயிரோடு இருந்ததற்கு அந்தக் குச்சிதான் காரணம் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

அதற்கு மேலே எங்கள் டூர்னிகெட்டை இறுக்கிக்கொண்டிருந்தபோது, கூட்டத்திலிருந்து பெரியவர் ஒருவர் குனிந்து, "தம்பி, இது நான் கட்டினது. கட்டும்போது பொழுது இன்னும்..." என்று தொடங்கினார். "பெரியவரே, தள்ளி நில்லுங்க, அப்புறம் பேசலாம்" என்றேன். அவர் தள்ளி நின்றார். ஸ்ட்ரெச்சரை ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது அவர் அங்கே இல்லை.

மருத்துவமனையில் பணியில் இருந்த டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "இதுக்கு முன்னாடி கட்டு ஏதாவது இருந்ததா?" என்பதுதான். "துண்டு கட்டியிருந்தாங்க சார், பத்து நிமிஷம் இருக்கும்" என்று பதில் சொன்னேன். அந்தப் பத்து நிமிடம் எங்கிருந்து வந்தது என்று எனக்கே விளங்கவில்லை. கேட்டவுடன் பதில் சொல்லிப் பழகிய வாய், தெரியாது என்று சொல்லக் கூசியிருக்கலாம்.

எலும்பு முறிவோ வெட்டுக்காயமோ என்றால் இவ்வளவு யோசிக்கமாட்டேன். ரத்தம் நின்ற காலுக்கு 2 மணி நேரம் வரை பெரிய சேதம் இருக்காது என்பதுதான் எங்கள் பயிற்சியில் சொல்வது. அதன்பின் தசை சாகத் தொடங்கும், 6 மணி நேரம் கடந்தால் காலை மீட்பது மிக அரிது. நேரம் கடந்து கட்டைத் தளர்த்தினால், செத்த தசையில் சேர்ந்த பொட்டாசியமும் அமிலமும் ஒரேயடியாக ரத்தத்தில் இறங்கி இதயத் துடிப்பையே குலைத்துவிடலாம். எனவே எப்போது தளர்த்துவது, எதற்கெல்லாம் தயாராக இருந்து தளர்த்துவது என்பதை டாக்டர் முடிவு செய்ய நான் சொல்லும் நேரமும் ஓர் ஆதாரம்.

108-க்கு அழைப்பு வந்த நேரத்தைக் கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த வளைவில் சிக்னல் கிடைக்காது. யாரோ வண்டியில் வெகுதூரம் போய்த்தான் அழைத்திருக்க வேண்டும், அதனால் அந்த நேரம் உதவவில்லை. ஜனவரியில் பொழுது 6 மணிக்குப் பிறகு விழும். பெரியவர் "பொழுது இன்னும் சாயல" என்று சொல்ல வந்திருந்தால், நான் டாக்டருக்கு முன் நின்ற 8.50 மணிக்கு அந்தக் கட்டுக்கு நான்கு மணி நேரமாவது ஆகியிருக்கும். "பொழுது இன்னும் முழுசா இருட்டல" என்று சொல்ல வந்திருந்தால் இரண்டரை மணி நேரம் இருக்கலாம். இரண்டில் எதுவாயினும் பத்து நிமிடம் தவறு.

இரண்டு நாள் கழித்து முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். எலும்பும் ரத்தக்குழாயும் நசுங்கிய விதத்தில் நேரம் சரியாகத் தெரிந்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது என்று அந்த டாக்டரே என்னிடம் சொன்னார். அதை நம்புகிறேன். என் மனம் ஆறுவதற்காக அதைச் சொன்னாரோ என்றும் சில இரவுகளில் தோன்றுகிறது.

அன்று கூட்டத்தை விலக்கியது தவறில்லை. இருட்டில், சரிவில், ஒரே ஒரு உதவியாளன் வேறு எப்படிச் செய்வான்? ஆனால் விலக்கியவர்களில் எனக்குத் தேவையான ஒரே ஆளும் இருந்தார். இப்போதெல்லாம் போனவுடன் "இதை யார் கட்டினது, எப்போ?" என்றுதான் முதலில் கேட்கிறேன். ஒரு முறை அதைக் கேட்டுக்கொண்டு நின்றதில், மறுபக்கக் காயத்தில் ரத்தம் போவதைக் கவனிக்கத் தாமதித்துவிட்டேன். எனவே அதையும் ஒரு பாடம் என்று சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

அந்தப் பக்கம் போகும்போது டீக்கடைகளில் பெரியவரைப் பற்றி விசாரித்திருக்கிறேன். விபத்தில் உதவியவர் பெயர் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை என்று 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் சொல்வதையும் எடுத்துச் சொன்னேன். "போலீஸ் கேஸா சார்?" என்று கேட்டுவிட்டு டீ ஆற்றப் போய்விடுகிறார்கள்.