புள்ளி தொலைந்த கடிதம்: எங்கள் பிபிஎஸ் ஃபிடோநெட்டில் சேர்ந்த கதை

மெல்பர்ன் வீட்டில் வாஷிங் மெஷினுக்கு மேலே ஒரு அலமாரி. சோப்புத்தூள் டப்பாவுக்குப் பின்னால் ராஸ்பெர்ரி பை 4 என்ற உள்ளங்கை அளவுக் கணினி. அதில் ஓடுவது ஒரு பிபிஎஸ். வீடுகளுக்கு இணையம் வராத காலத்தில் மோடம் வைத்துப் போன் லைனில் கூப்பிட்டு உள்ளே நுழைவார்களே, அந்த அறிவிப்புப் பலகை. இப்போது மோடம் இல்லை, இணையம் வழியாக டெல்நெட் என்ற முறையில் வரலாம். மற்றபடி அதே கறுப்புத் திரை, அதே 80 எழுத்து அகலம். பிபிஎஸ் நடத்துவதற்கான சிங்க்ரோநெட் மென்பொருளை மூலநிரலிலிருந்து தொகுத்து நிறுவியிருந்தேன்.

ஆறு மாதம் ஓட்டினேன். வாடிக்கையாளர்கள் இரண்டு பேர்: நானும் சிட்னியில் இருக்கும் கல்லூரி நண்பனும். ஒரு நாள் அவன் எழுதினான்: "மச்சான், நீயும் நானும் மட்டும் பேசிக்க வாட்ஸ்ஆப் போதாதா?" பதில் சொல்ல முடியவில்லை. தனியாக நிற்கும் பலகையில் யார் வந்து எழுதுவார்கள்? பலகைகளைக் கோத்து வைத்திருக்கும் ஃபிடோநெட்டில் சேர்வது என்று அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன். ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம் என்பது என் கணக்கு. மூன்று வாரத்துக்கு மேல் ஆனது.

ஃபிடோநெட்டை 1984இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் டாம் ஜென்னிங்ஸ் தொடங்கினார். அவருடைய பலகையும் பால்டிமோரில் ஜான் மாடில் நடத்திய பலகையும் ராத்திரியில் ஒன்றையொன்று போனில் கூப்பிட்டு, சேர்ந்திருக்கும் கடிதங்களை மாற்றிக்கொள்ளும். தொலைதூர அழைப்புக்கு இரவில்தான் கட்டணம் குறைவு. அதனால் சான்ஃபிரான்சிஸ்கோ நேரம் இரவு 1 மணியிலிருந்து 2 மணி வரை எல்லாப் பலகைகளும் பொதுமக்களை வெளியே நிறுத்திவிட்டுத் தபாலுக்கு மட்டும் லைனைத் திறந்து வைத்தன. யாருக்கும் சம்பளம் கிடையாது, தலைமை அலுவலகம் என்று ஒரு கட்டடமும் கிடையாது. 1990களின் நடுவில் உலகம் முழுக்க 35,000க்கும் மேற்பட்ட நிலையங்கள், அதாவது கோத்து வைத்த பலகைகள், இப்படி இருந்தன. இப்போது இருப்பது அதில் ஒரு சிறு பங்கு. ஆனால் அந்தச் சிறு பங்கு உயிரோடு இருக்கிறது, இணையம் வழியாக.

இதை அலுவலகத்து நண்பர்களிடம் விளக்கினால் கண்ணில் தூக்கம் வந்துவிடும். முழுதாகக் கேட்டவர் அப்பா ஒருவர்தான். மூன்று மாத விசாவில் எங்களோடு தங்க வந்திருந்தார். திருச்சி ஆர்எம்எஸ்ஸில் சார்ட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓடுகிற ரயிலில், ஆடுகிற பெட்டியில், விடிய விடியக் கடிதங்களை அறை பிரித்துப் போட்ட கை. ஃபிடோநெட் முகவரியை எழுதிக் காட்டினேன். முதல் எண் மண்டலம், அடுத்து வட்டாரம், அதற்கடுத்து நிலையம். "பின்கோடுதானே? இதுக்கு என்ன இவ்வளவு பீடிகை?" என்றார்.

மண்டலம் 1 வட அமெரிக்கா, 2 ஐரோப்பா, 3 ஆஸ்திரேலியாவும் சுற்றுவட்டாரமும். ஆசியாவுக்கு 6 என்று தனி மண்டலமே இருந்தது. ஆட்கள் குறைந்துபோனதால் 2007இல் அதைக் கலைத்து, மிச்சமிருந்தவர்களை 3இல் சேர்த்துவிட்டார்கள். அப்பாவுக்கு இது மட்டும் வருத்தம். "நம்ம பின்கோடும் ஆறுல தானே ஆரம்பிக்குது" என்றார்.

முதல் தடங்கல் கோழியா முட்டையா கதை. எண் வேண்டுமென்றால் விண்ணப்பத்தை ஃபிடோநெட் வழியாகவே அனுப்ப வேண்டும் என்பது 1989இல் எழுதிய கொள்கை விதி. எண் இல்லாமல் ஃபிடோநெட்டில் எப்படி அனுப்புவது? விதியின் நோக்கம் புரிந்தபோது கோபம் போய்விட்டது. உன் இயந்திரம் உண்மையிலேயே தபால் அனுப்புகிறதா என்பதற்கு அந்தக் கடிதம்தான் தேர்வு. வட்டார ஒருங்கிணைப்பாளருக்கு முதலில் சாதாரண மின்னஞ்சல் போட்டேன். இரண்டு நாளில் பதில் வந்தது, விண்ணப்பதாரர்களுக்கான தற்காலிக எண்ணோடு. இந்த எண்ணிலிருந்து எனக்கு ஒரு நெட்மெயில் (ஃபிடோநெட்டின் தனிக்கடிதம்) அனுப்புங்கள், வந்து சேர்ந்தால் மேற்கொண்டு பேசுவோம் என்றிருந்தார்.

அனுப்பியது போய்விட்டது. அவருடைய பதில்தான் வரவில்லை. பிங்க்பி என்கிற நெறிமுறையில் நிலையங்கள் பேசிக்கொள்ளும், 24554 என்ற போர்ட்டில். ரவுட்டரில் அந்தப் போர்ட்டைத் திறந்துவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன். இருந்தும் வெளியிலிருந்து யாராலும் கதவைத் தட்ட முடியவில்லை. ஒரு முழுச் சனிக்கிழமையை ரவுட்டரைத் திட்டுவதில் கழித்தேன். கடைசியில் பார்த்தால் எங்கள் இணைய நிறுவனம் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது ஐபி முகவரியைத்தான் கொடுத்திருந்தது. தெருவுக்கே ஒரு கதவு எண் இருந்தால் தபால்காரர் எந்த வீட்டில் போடுவார்? போன் பண்ணிக் கேட்டதும் தனி முகவரிக்கு மாற்றித் தந்தார்கள். மாற்ற முடியாத ஊரில் இருப்பவர்கள் பயப்பட வேண்டாம். நமக்குத் தபால் தரும் மேல்நிலையத்தை நாமே மணிக்கொருமுறை கூப்பிட்டு நம் தபால் பையை வாங்கிக்கொள்ளலாம். வேலை நடக்கும்.

பெயர் விஷயம் தனிக்கதை. ஃபிடோநெட்டில் புனைபெயருக்கு இடமில்லை, சொந்தப் பெயர் வேண்டும். நோட்லிஸ்ட் எனப்படும் முகவரிப் பட்டியலில் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு வரி: எண், பலகையின் பெயர், ஊர், நடத்துபவர், தொலைபேசி, வேகம், பிறகு வசதிகளைச் சொல்லும் கொடிகள். கமாதான் தடுப்புச் சுவர் என்பதால் பெயர்களுக்கு நடுவே இடைவெளி விட மாட்டார்கள், அடிக்கோடு போடுவார்கள். நான் முன்னெழுத்தோடு ஒற்றைப் பெயர் எழுதி அனுப்பினேன். குடும்பப் பெயர் எங்கே என்று கேட்டார் ஒருங்கிணைப்பாளர். பாஸ்போர்ட் ஆபீஸில் தொடங்கிய பஞ்சாயத்து இங்கேயும் துரத்தி வந்துவிட்டது. முன்னெழுத்தை விரித்து எழுதினேன். அடுத்த வெள்ளிக்கிழமை வந்த பட்டியலில் 633ஆம் வட்டாரத்தின் கீழே புது வரி இருந்தது: என் பெயர், ஒரு அடிக்கோடு, அப்பாவின் பெயர். அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் அம்மாவுக்குப் போன் போட்டு, "உலக லிஸ்ட்ல ஏறிட்டேன்" என்று சொன்னது மட்டும் காதில் விழுந்தது.

எண் வந்த பிறகு எல்லாம் சுலபம் என்று நினைத்தேன். சிங்க்ரோநெட்டில் ஃபிடோநெட்டுக்கென்றே கேள்வி கேட்டு நிரப்பிக்கொள்ளும் ஒரு நிரல் இருக்கிறது. பாதி வேலையை அதுவே பார்த்துக்கொண்டது. மீதிப் பாதியில் நான் சொதப்பினேன். மேல்நிலையத்தோடு மூன்று கடவுச்சொற்கள் உண்டு. கதவைத் தட்டும்போது சொல்ல ஒன்று. ஒவ்வொரு தபால் பொட்டலத்தின் தலையிலும் எழுதி வைக்க ஒன்று. எந்தெந்தக் குழுக்களின் கடிதங்கள் வேண்டும் என்று கேட்டு வாங்கும் ஏரியாஃபிக்ஸ் என்ற தானியங்கிக்கு ஒன்று. அவர் மூன்றையும் தெளிவாக எழுதித்தான் அனுப்பியிருந்தார். நான் முதல் சொல்லையே பொட்டலத்துக்கும் போட்டுவிட்டேன். அந்த இடத்தில் எட்டு எழுத்துதான் கொள்ளும். மிச்சம் சத்தமில்லாமல் வெட்டுப்பட்டது. இணைப்பு ஜோராகக் கிடைக்கும், கோப்பு போய்ச் சேர்ந்தது என்று பதிவேட்டில் விழும், அந்தப் பக்கமோ என் பொட்டலங்கள் ஒவ்வொன்றாக நிராகரிக்கப்பட்டுக் குப்பையில் கிடந்தன. இது தெரிய நான்கு நாள்.

இன்னொன்று. வெளியே போக வேண்டிய தபாலைப் பொட்டலம் கட்டும் நேரத்தில் மென்பொருள் 'பிஸி' என்று ஒரு சின்னக் கோப்பை வைத்துப் பூட்டும், முடிந்ததும் அழித்துவிடும். சரியாக அந்த நேரத்தில் என் மனைவி வாக்குவம் கிளீனருக்காக ராஸ்பெர்ரி பையின் பிளக்கைப் பிடுங்கியிருக்கிறாள். திரும்ப ஓடியது, பூட்டு மட்டும் அப்படியே இருந்தது. அன்று பகல் முழுக்க ஒரு கடிதமும் நகரவில்லை. கோப்புகளின் பெயர்களோ பதினாறடிமான எண்கள். 633 அங்கே 0279 என்று உட்கார்ந்திருக்கும், பார்த்தவுடன் பிடிபடாது. "பையைக் கட்டி சீல் வச்சிட்டு ஆளு டீ குடிக்கப் போயிட்டான்" என்றார் அப்பா. பூட்டுக் கோப்பை அழித்தேன். எல்லாம் கிளம்பிப் போனது.

ஏரியாஃபிக்ஸுக்குக் கூட்டல் குறி போட்டுக் குழுவின் பெயரை எழுதினால் சந்தா. கழித்தல் குறி போட்டால் விலகல். அவ்வளவுதான் இலக்கணம். இப்படிப் பொதுக் கடிதங்களை எல்லா நிலையங்களுக்கும் பரப்புவதற்குப் பெயர் எக்கோமெயில். 1986இல் டல்லஸில் ஜெஃப் ரஷ் உருவாக்கியது. சமையல் குழு, ஃபிடோ செய்திக் குழு, சோதனைக் குழு மூன்றையும் கேட்டேன். ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் அது எந்தெந்த நிலையங்கள் வழியாக வந்தது, யார் யாரிடம் ஏற்கெனவே போய்விட்டது என்று எண்கள் வரிசையாக இருக்கும். ஒரே கடிதம் திரும்பத் திரும்பச் சுற்றாமல் இருக்க அந்த ஏற்பாடு. அப்பாவுக்கு அந்த எண்களைப் படிப்பதுதான் பொழுதுபோக்கு. உறையின் பின்பக்கம் ஒவ்வோர் ஊரிலும் விழும் தேதி முத்திரை மாதிரியாம்.

சரி, சோதனைக் குழுவில் முதல் கடிதம் போடுவோம், தமிழிலேயே போடுவோம் என்று எழுதினேன்: "வணக்கம். மெல்பர்னிலிருந்து ஒரு சோதனைக் கடிதம்." எழுத்துமுறை யூடிஎஃப்-8 என்று தலைப்பில் குறிப்பும் இருந்தது. மறுநாள் ஜெர்மனியிலிருந்து ஒரு பெரியவர் பதில் போட்டிருந்தார், என் வரியை மேற்கோள் காட்டி. அதில் க இருக்கிறது, ம இருக்கிறது, கொம்பும் காலும் சுழியும் எல்லாம் இருக்கின்றன. புள்ளிகளை மட்டும் காணோம். புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் கேள்விக்குறி. எண்ணிப் பார்த்தேன். அந்த வரியில் ஏழு புள்ளி. ஏழும் போயிருந்தன. வேறு ஓர் எழுத்துக்கும் கீறல் கூட இல்லை.

அவரிடமே கேட்டேன். ஒரு பக்கத்துக்கு விளக்கினார். ஃபிடோநெட்டின் ஆதி ஆவணத்தில் ஒரு விதி: 141 என்ற பைட் வந்தால் அது 'மென்' வரிமுறிவு, கண்டுகொள்ளாதே. வேர்ட்ஸ்டார் காலத்து எழுதுகருவிகள் தாங்களாகவே வரியை மடித்த இடத்தில் அந்த பைட்டை வைக்கும். அதனால் பழைய மென்பொருள்கள் பல அதைக் கண்ட இடத்தில் பிடுங்கிப் போட்டுவிடும். அவர் படிக்கும் கருவியும் அந்த ரகம்.

ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். யூடிஎஃப்-8இல் தமிழ் எழுத்துக்கூறு ஒவ்வொன்றும் மூன்று பைட். புள்ளி 224, 175, 141. மூன்றாவதைப் பிடுங்கினால் மிச்ச இரண்டுக்கும் பொருளில்லை, திரையில் கேள்விக்குறிதான் விழும். தமிழுக்கு ஒதுக்கிய கட்டம் முழுவதையும் பார்த்தேன். 141இல் முடிகிற இடங்கள் இரண்டே இரண்டு. ஒன்றில் எழுத்தே வைக்கப்படவில்லை. இன்னொன்றில் நம் புள்ளி. யாரும் நம்மைக் குறிவைத்துச் செய்ததில்லை, இருந்தாலும் இத்தனை துல்லியமாக அமையுமா என்று எரிச்சலும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

நமக்கு முன்னால் இதில் அடிபட்டவர்கள் ரஷ்யர்கள் என்றும் அவரே சொன்னார். அவர்களுடைய டாஸ் கால எழுத்துமுறையில் 'ந' ஒலிக்குரிய பெரிய எழுத்துக்கு அதே 141. அந்த எழுத்து பார்ப்பதற்கு ஆங்கில எச் போலவே இருக்கும். அதனால் அந்த இடத்தில் எல்லாம் ஆங்கில எச்சையே தட்டி ஆண்டுக்கணக்காக ஓட்டிவிட்டார்கள். புள்ளிக்கு நாம் எதைத் தட்டுவது? யூனிகோடுக்கு முன்பு தமிழுக்கு இருந்த டிஸ்கி என்ற எழுத்துமுறைக்குத் திரும்பலாமா என்று ஒரு ராத்திரி யோசித்தேன். ஜெர்மனிக்காரரிடம் டிஸ்கி எழுத்துருவா இருக்கப்போகிறது?

அப்பா அலட்டிக்கொள்ளவில்லை. "ஓலைச்சுவடியில புள்ளியே வைக்க மாட்டாங்கடா. ஓலை கிழிஞ்சிரும். படிக்கிறவன் புரிஞ்சிக்கிட்டான்ல?" என்றார். ஓலையில் புள்ளியின் இடம் வெறுமையாக இருக்கும், இங்கே கேள்விக்குறி நிற்கிறது என்றேன். "அது, ஊர் மாறிப் போன கடிதத்துல குத்துற மிஸ்சென்ட் முத்திரைன்னு வச்சுக்க."

ஜெர்மன் பெரியவர் தன் கருவியின் அமைப்பில் அந்தப் பிடுங்கலை நிறுத்த ஒரு வழி கண்டுபிடித்தார். அடுத்த பதிலில் புள்ளிகள் முழுசாக வந்தன. எந்த மொழி என்றே தெரியாத ஏழு புள்ளிக்காக அவர் தன் அரை நாளைச் செலவழித்திருக்கிறார். ஆனால் வழியில் உள்ள எல்லா நிலையத்தாரையும் நான் போய்க் கெஞ்ச முடியாது. எங்கே தப்பும், எங்கே விழும் என்பது அந்தந்தக் கருவியைப் பொறுத்தது.

பாக்கி ஒரே ஒரு வேலை. எக்கோமெயில் ஒவ்வொன்றின் அடியிலும் அது கிளம்பிய நிலையத்தின் அடையாள வரி வரவேண்டும், முகவரியோடு சேர்த்து 79 பைட்டுக்குள். எல்லோரும் ஏதாவது குறும்பாக எழுதி வைப்பார்கள். அந்த உரிமையை அப்பாவுக்குக் கொடுத்தேன். யோசிக்கவே இல்லை, "நலம், நலமறிய ஆவல்" என்றார். எண்ணினேன், இடம் போதும். ஆனால் அதில் இரண்டு புள்ளி. சொன்னேன். பேப்பரை வாங்கிக்கொண்டு பால்கனிக்குப் போனவர் காபி ஆறுகிற வரைக்கும் எழுதி எழுதி அடித்தார்.

எங்கள் கடிதங்களின் அடியில் இப்போது இருப்பது அவர் கொடுத்த வரி: "நலமா?"