ஹோம்ஸை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி செல்லூர் புரோட்டாக் கடையில் ஆரம்பித்த சண்டை இது, இன்னும் முடிந்தபாடில்லை. ஒரு பக்கம் எங்கள் பெரியப்பா, எழுபதை எட்டப்போகிறார், பஞ்சு மில்லில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். இன்னொரு பக்கம் என் அக்கா மகன், காலேஜில் இரண்டாம் வருஷம், மைக் டைசன் ஆட்களைச் சாய்க்கும் துண்டு வீடியோக்களைப் பார்த்தே மீசை முளைத்தவன். நடுவில் நான், இரண்டு பேர் இலைக்கும் சால்னா ஊற்றிக்கொண்டு.

கேள்வி பழசுதான். குத்துச்சண்டையில் அலியும் டைசனும் நல்ல வயதில் மோதியிருந்தால் யார் ஜெயித்திருப்பார்?

பெரியப்பாவிடம் இதைக் கேட்டிருக்கவே கூடாது. 1980-ல் முகமது அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடினாரே, அதைப் பார்க்க மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு ராத்திரி ரயிலில் நின்றுகொண்டே போனவர் அவர். தூரத்தில் காலரியிலிருந்து பார்த்தாராம். "ஆளுக்குக் கொஞ்சம் தொப்பை விழுந்திருந்துச்சுடா. ஆனா காலு தரையில பாவல" என்பார். இதை நான் ஒரு ஐம்பது தடவையாவது கேட்டிருப்பேன், ஒவ்வொரு தடவையும் அலியின் தொப்பை கொஞ்சம் குறைந்துகொண்டே வருகிறது.

பையன் அசரவில்லை. ஹோம்ஸ் என்ற இன்னொரு சாம்பியனை நடுவில் இழுத்தான். "தாத்தா, கணக்கு சிம்பிள். ஹோம்ஸ் அலிய அடிச்சாரு. டைசன் ஹோம்ஸ அடிச்சாரு. அப்ப டைசன் அலிய அடிப்பாருல்ல?"

பெரியப்பா புரோட்டாவைப் பிய்ப்பதை நிறுத்திவிட்டார். "சரிடா. 71-ல ஃப்ரேசியர் அலிய அடிச்சான். 73-ல ஃபோர்மேன் அந்த ஃப்ரேசியர ரெண்டு ரவுண்டுக்குள்ள ஆறு தடவ கீழ போட்டான். ஒன் கணக்குப்படி ஃபோர்மேன் அலிய சுருட்டிப் பாயில வச்சிருக்கணும். 74-ல கின்ஷாசால எட்டாவது ரவுண்டுல படுத்தது யாரு?" பையனிடம் பதில் இல்லை. அவன் ஃபோர்மேனை, 1994-ல் 45 வயதில் மறுபடி சாம்பியன் ஆன மொட்டைத்தலைத் தாத்தாவாக மட்டுமே அறிந்தவன்.

இரண்டு பேரும் பேசியதில் எனக்கு உறுத்தியது வேறு. லாரி ஹோம்ஸ் என்ற மனுஷன் இந்தச் சண்டையில் வெறும் அளவுகோலாகப் போய்விட்டார். அலியை அடித்தவர், டைசனிடம் அடி வாங்கியவர், அவ்வளவுதான். ஏழு வருஷத்துக்கு மேல் பட்டத்தை வைத்திருந்து 20 தடவை அதைக் காப்பாற்றியவரை, எந்தக் கற்பனை மேட்சுக்கும் யாரும் கூப்பிடுவதில்லை.

அந்த இரண்டு சண்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1980 அக்டோபர், லாஸ் வேகாஸ். அலிக்கு 38 வயது, ரிங் பக்கம் வந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது, எடையைக் குறைக்கத் தைராய்டு மாத்திரை சாப்பிட்டு உடம்பு வற்றிப் போயிருந்தது. பத்து ரவுண்டில் ஒன்றைக்கூட எந்த நடுவரும் அவருக்குக் கொடுக்கவில்லை, பத்து முடிந்ததும் அவருடைய ஆட்களே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். அடித்தவர் யாரென்றால், அலியிடமே பயிற்சியில் குத்து வாங்கிக் கூலிக்கு ஆடிய பழைய ஸ்பாரிங் பார்ட்னர். ஜெயித்துவிட்டு ஹோம்ஸ் அழுதார். 1988 ஜனவரி, அட்லாண்டிக் சிட்டி. இந்தத் தடவை ஹோம்ஸுக்கு 38 வயது, அவர் ரிங்கை விட்டுக் கிட்டத்தட்ட இரண்டு வருஷம் ஆகியிருந்தது, எதிரே 21 வயது டைசன். நாலாவது ரவுண்டில் ஹோம்ஸ் கொஞ்சம் பழைய ஆளாக மாறி ஜேப் (முன் கையால் நேராக விடுகிற குத்து) போட்டு ஆட ஆரம்பித்தார், பார்க்கவே நன்றாக இருக்கும், அப்புறம் ஒரு வலது கை வந்து விழுந்தது. மூன்று தடவை கீழே போனார். கடைசித் தடவை அவர் திருப்பி அடிக்க ஓங்கிய கை கயிற்றில் மாட்டிக்கொண்டது.

அலி தன் வாழ்நாளில் நாக் அவுட் கணக்கில் தோற்றது ஒரே ஒரு தடவை, ஹோம்ஸிடம். ஹோம்ஸ் அப்படித் தோற்றதும் 75 சண்டையில் ஒரே ஒரு தடவை, டைசனிடம். இரண்டுமே 38 வயதில், இரண்டு வருஷ இடைவெளிக்குப் பிறகு. அந்தச் சங்கிலியை வைத்துக்கொண்டு டைசன் அலியை அடிப்பார் என்று சொன்னால், ஓய்வுபெற்ற காளையை வாடிவாசலில் அவிழ்த்துவிட்டு, பிடிபட்டது பாருங்கள் என்று சொல்கிற மாதிரிதான்.

சரி, எந்த வயசு என்பது மட்டும் பிரச்சினை இல்லை. எந்தச் சட்டம்? ஹோம்ஸ் காலத்தில் பட்டச் சண்டை 15 ரவுண்டு. 1982-ல் கொரியாவின் டக் கூ கிம் ரிங்கில் வாங்கிய அடியில் இறந்த பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக 12 ஆனது. டைசன் பட்டம் காத்த சண்டைகள் பெரும்பாலும் 12-க்குத்தான். இன்னும் பின்னால் போனால் கூத்து வேறு. 1919-ல் டெம்ப்ஸி தன்னைவிட எடை ரொம்ப அதிகமான வில்லார்டை முதல் ரவுண்டிலேயே ஏழு தடவை கீழே போட்டார், எழுந்திருக்கிற ஆளின் தலைமாட்டிலேயே நின்று அடிக்கலாம், மூலைக்குப் போகச் சொல்லும் சட்டம் அப்போது இல்லை. டைசனுக்கு அந்தச் சட்டத்தைக் கொடுத்தால் எவனும் எழுந்திருக்க மாட்டான். எங்கள் செல்லூரில் மண்ணில் கபடி ஆடி முட்டி தேய்ந்த பெருசுகளிடம் போய் மேட் விரிப்பில் ஆடுகிற பையன்களைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், முதல் கேள்வியே மண்ணிலா மேட்டிலா என்றுதான் வரும்.

கம்ப்யூட்டரிடமும் கேட்டுப் பார்த்துவிட்டார்கள். 1969-ல் அலியையும், ரிட்டயர் ஆகிப் பல வருஷம் ஆன பழைய சாம்பியன் ராக்கி மார்சியானோவையும் ரிங்கில் ஏற்றி, வெவ்வேறு முடிவுகளோடு படம் பிடித்து, கம்ப்யூட்டர் சொன்ன முடிவு என்று அடுத்த வருஷம் தியேட்டரில் ஓட்டினார்கள். மார்சியானோ அதற்காக உடம்பைக் குறைத்து, தலைக்கு விக் வேறு வைத்துக்கொண்டு வந்தார். அமெரிக்காவில் அவர் 13-வது ரவுண்டில் ஜெயித்தார், ஐரோப்பாவில் காட்டிய படத்தில் அலி ஜெயித்தார். எந்த ஊர் கேட்கிறதோ அந்த ஊருக்கு ஒரு பதில். பாவம், படம் வெளிவருவதற்கு முன்பே மார்சியானோ விமான விபத்தில் போய்விட்டார்.

என் தீர்ப்பைக் கேட்டால், 1966 அலி, 1988 டைசன், 12 ரவுண்டு என்றாலும் அலிதான். காரணம் டைசனின் சண்டைகளிலேயே இருக்கிறது. அவரை 12 ரவுண்டு வரை இழுத்த ஜேம்ஸ் ஸ்மித், டோனி டக்கர் எல்லாம் உயரமான ஆட்கள், கட்டிப்பிடித்தும் தள்ளியும் தப்பித்தவர்கள். 1990-ல் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ் நீளக் கையால் ஜேப் போட்டுப் போட்டே பத்தாவது ரவுண்டில் முடித்தார். டக்ளஸ் ஒரு ராத்திரி செய்ததை அந்த வயது அலி வருஷக்கணக்காகச் செய்துகொண்டிருந்தார். முதல் மூன்று ரவுண்டு அலிக்கு ஆபத்து, அதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் நான் உண்மையில் பார்க்க ஆசைப்படும் சண்டை அது இல்லை. 1979 ஹோம்ஸ், 1988 டைசன். அந்த ஹோம்ஸை எர்னி ஷேவர்ஸ் ஏழாவது ரவுண்டில் ஒரே வலது கையில் சாய்த்தார், ஷேவர்ஸ் அடித்தால் சுவரே விழும் என்பார்கள், ஹோம்ஸ் எழுந்து வந்து 11-வதில் அவரையே முடித்தார். 1978-ல் நார்ட்டனிடமிருந்து பட்டத்தைப் பறித்த சண்டையின் 15-வது ரவுண்டைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஜேப், விழுந்தால் எழுந்திருக்கிற அந்தப் பிடிவாதம், இரண்டும் இருந்தால் டைசனைப் பாயிண்டில் தாண்டிவிடலாம் என்பது என் கட்சி. ஒரு தடவை கீழே போவார். போகட்டும்.

இதைச் சொன்னதும் பையன் சிரித்தான், மாமாவுக்கு மறை கழன்றுவிட்டது என்றான். பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. சிக்கல் என்னவென்றால் அவர் ஹோம்ஸ் பேரையே வாயால் சொல்ல மாட்டார். சென்னையில் அலியைப் பார்த்துவிட்டு வந்த அதே வருஷ அக்டோபரில், பேப்பரில் அலி ஸ்டூலில் சரிந்து உட்கார்ந்திருந்த செய்தியைப் படித்தவர். இன்றைக்கும் "அவன்" என்றுதான் சொல்வார்.

கை கழுவி, காசு கொடுத்து, வண்டியை எடுக்கும்போது நானே கேட்டேன். "பெரியப்பா, ஹோம்ஸா டைசனா? ஒரு வார்த்த சொல்லிருங்க."

ரொம்ப நேரம் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார்.

"பதினஞ்சு ரவுண்டா?"

"பதினஞ்சுன்னே வச்சுக்கங்க."

"அப்ப அவன்தான்" என்றார். "ஆனா ஒங்க பெரியம்மாகிட்டப் போயி நான் சொன்னேன்னு சொல்லாத."