ஆம்னி வேன்ல பெட்ரோல் வாடை

"பழைய வண்டின்னா லேசா வாடை அடிக்கத்தான் செய்யும்ணா, அதெல்லாம் பெருசா எடுத்துக்காதீங்க"ன்னு சொல்ற மெக்கானிக் ஊருக்கு நாலு பேர் இருக்காங்க, அவங்க பேச்சைக் கேக்காதீங்க, அதுவும் வண்டி ஆம்னியா இருந்தா கேக்கவே கேக்காதீங்க. மத்த கார்ல ஒழுகினா பானட்டுக்குள்ள ஒழுகும். ஆம்னியில இன்ஜின் இருக்கறதே முன் சீட்டுக்குக் கீழ, நீங்க அது மேலதான் உக்காந்து ஓட்டறீங்க.

எங்க வீட்டு வண்டி 1998 மாடல், 796 சிசி, மூணு சிலிண்டர், பெட்ரோலையும் காத்தையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பற கார்பரேட்டர் வச்ச டைப். தேங்கா ஏத்தறது, சந்தைக்குப் போறது, சொந்தக்காரங்க கல்யாணத்துக்கு பத்து பேர் நெருக்கி உக்காந்துட்டுப் போறதுன்னு எல்லா வேலையும் பாத்த வண்டி. போன மாசத்துலருந்து காலையில கதவைத் திறந்தா குப்புன்னு பெட்ரோல் வாடை, ஆனா தரையில ஒரு சொட்டு கிடையாது. கிடைக்காது தான், லேசா கசியற பெட்ரோல் கீழ விழறதுக்குள்ள ஆவியாயிடும், அதனால தரை காஞ்சிருக்கு லீக் இல்லைன்னு முடிவு பண்ணக்கூடாது.

நாத்தம் எங்க வருதுன்னு மூக்கை வச்சுத் தேடினா கண்டுபிடிக்க முடியாது, வேனுக்குள்ள காத்து சுத்தி சுத்தி எல்லா இடத்துலயும் ஒரே வாடைதான். எப்ப வருதுன்னு பாக்கணும். டேங்க் ஃபுல் பண்ணின அன்னைக்கு மட்டும் வந்து கால் டேங்க் குறைஞ்சதும் நின்னுட்டா, கோளாறு டேங்கோட மேல்பக்கம்: மூடியில இருந்து டேங்குக்கு வர்ற தடி ஓஸ், டேங்குக்குள்ள காத்து போக வர இருக்கற பிரீதர் ஓஸ், இல்லாட்டி பெட்ரோல் அளவு காட்டற கேஜ் யூனிட்டுக்கு அடியில கசியாம அடைக்கற கேஸ்கெட். இன்ஜின் ஓடும்போது வந்தா பம்புக்கு அந்தப்பக்கம், அதாவது பம்புலருந்து கார்பரேட்டர் போற லைன், அங்கருந்து டேங்குக்குத் திரும்பற ரிட்டர்ன் லைன். ஓடி நிறுத்தின கொஞ்ச நேரத்துல வந்தா கார்பரேட்டரைப் பாருங்க, சூட்டுல அதோட ஃப்ளோட் சேம்பர்ல, அதாவது பெட்ரோல் தேங்கற சின்னக் கிண்ணத்துல நிக்கற பெட்ரோல் ஆவியாகி வரும். இன்னொண்ணு, ஆயில் ஸ்டிக்கை எடுத்து மோந்து பாருங்க. இதுல பம்பு, இன்ஜினுக்குள்ள சுத்தற கேம்ஷாஃப்ட் தள்ளிவிட்டு ஓடற டயாஃப்ரம் பம்பு, டயாஃப்ரம்னா உள்ள இருக்கற சவ்வு, டயாஃப்ரம் கிழிஞ்சா பெட்ரோல் ஆயில்ல இறங்கும், ஆயில் லெவல் குறையறதுக்குப் பதிலா ஏறும். அப்படி இருந்தா வண்டியை ஸ்டார்ட்டே பண்ணாதீங்க, மொதல்ல பம்பை மாத்தி ஆயிலையும் மாத்துங்க.

எங்களுது ஓடும்போது ஜாஸ்தி. சீட்டைத் தூக்கிட்டு ஒவ்வொரு ஜாயிண்டையும் துணியால நல்லா காய துடைச்சு டிஷ்யூ பேப்பரை சுத்தி வச்சுட்டு, இன்ஜினை கொஞ்ச நேரம் ஓட விட்டு நிறுத்தினதும் பாத்தா ரிட்டர்ன் ஓஸ் மாட்டற இடத்துல மட்டும் பேப்பர் நனைஞ்சிருந்துச்சு. நினைச்ச மாதிரிதான். ஃபில்டர் மாத்தும்போது மெயின் லைன் ஓஸையாவது யாராச்சும் தொடுவாங்க, ரிட்டர்னை ஒருத்தரும் சீண்டறதில்ல. வெளிய பாக்க கருப்பா நல்லாதான் இருந்துச்சு, மடக்கிப் பாத்தா பொடிப்பொடியா வெடிப்பு.

இதுக்கு இ20 பெட்ரோல், அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம்னு சொல்றவங்க உண்டு. பாதி நெசம். 2023 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த வண்டிங்கள்ல ரப்பர் சமாச்சாரமெல்லாம் எத்தனால் தாங்கற மாதிரி போட்டு வருது, 98 மாடல்ல அதையெல்லாம் யாரு நினைச்சாங்க. எத்தனால் பழைய ரப்பரை உப்ப வைக்கும், காய வைக்கும், தண்ணியையும் இழுத்து வச்சுக்கும். ஆனா இத்தனை வருசமா இன்ஜின் சூட்டுலயே கிடந்த ரப்பர் இ20 வராட்டியும் வெடிச்சிருக்கும், கொஞ்சம் லேட்டாகியிருக்கும் அவ்வளவுதான்.

கிளிப்பை இறுக்கினா சரியாயிடும்னு தோணும். இறுக்கின அன்னைக்கு நிக்கும், ஆனா கல்லு மாதிரி ஆன ரப்பரை கிளிப்பு அறுத்துடும். சோப்பு அப்பறது, எம்-சீல் ஒட்டறதெல்லாம் நடுரோட்டுல நின்னா வீடு வந்து சேர மட்டும். பைக்குக்குப் போடற, கண்ணாடி மாதிரி உள்ள தெரியற பிளாஸ்டிக் ட்யூபும் வேணாம், சூட்டுல இளகி நழுவிடும். ஒண்ணு ஒழுகுதுன்னா மத்ததுக்கும் அதே வயசுதான, அதனால எல்லா ஓஸும், கிளிப்பும், ஃபில்டரும் ஒரே மூச்சுல மாத்திட்டேன். மொத்தச் செலவு ஒரு ஃபுல் டேங்க் பெட்ரோலை விட கம்மி. கடையில எத்தனால் தாங்கற ஃப்யூயல் ஓஸ்னு கேட்டு, மேல அச்சடிச்சிருக்கறத படிச்சுப் பாத்து வாங்குங்க, தண்ணி ஓஸை வெட்டிக் குடுக்கற கடையும் இருக்கு.

வேலையை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இன்ஜின் நல்லா ஆறட்டும், பேட்டரி நெகட்டிவைக் கழட்டிடுங்க, டேங்க் மூடியைத் திறந்து பிரஷரை விடுங்க. வண்டி வெட்டவெளியில நிக்கணும். ஒர்க்‌ஷாப் பள்ளத்து மேல நிறுத்தாதீங்க, பெட்ரோல் ஆவி காத்தை விட கனம், பள்ளத்துல போய் தேங்கி நிக்கும், அதுக்குள்ள ஒருத்தர் குண்டு பல்பைப் புடிச்சுட்டு நின்னா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. வடியற பெட்ரோலை பிளாஸ்டிக் பக்கெட்டுல புடிக்காம தகர டின்ல புடிங்க, பக்கத்துல பவுடர் எக்ஸ்டிங்குஷர் ஒண்ணு இருக்கட்டும்.

பழைய ஓஸை முறுக்கி இழுக்காதீங்க, கார்பரேட்டர் பக்கம் இருக்கற மூக்கு வளைஞ்சுடும், பிளேடால நீளவாக்குல கீறி உரிச்சு எடுங்க. எடுத்துப் பாத்தப்ப உள்ள இரும்பு பைப் முனை துரு புடிச்சு சொரசொரன்னு இருந்துச்சு, அது மேல எவ்வளவு நல்ல ஓஸ் போட்டாலும் கசியும். நைஸ் எமெரி பேப்பர் போட்டு வழவழன்னு ஆக்கி, துடைச்சுட்டு மாட்டினேன். ஃபில்டர்ல அம்புக்குறி கார்பரேட்டர் பக்கம் பாக்கணும்.

கார்பரேட்டருக்குப் பதிலா இன்ஜெக்டர் வழியா பெட்ரோலைப் பீச்சற எம்பிஎஃப்ஐ ஆம்னி வச்சிருக்கறவங்களுக்கு கதை வேற. அதுல லைன்ல கிட்டத்தட்ட 3 பார் பிரஷர், டயர்ல அடிக்கற காத்தை விட ஜாஸ்தி. பம்பு ஃப்யூஸைப் புடுங்கிட்டு இன்ஜின் தானா நிக்கற வரைக்கும் ஓட விட்டு பிரஷரை இறக்கின பிறகுதான் ஓஸ்ல கை வைக்கணும், கார்பரேட்டர் வண்டி ஓஸ் அதுக்குத் தாங்காது.

எல்லாம் மாட்டி முடிச்சதும் லைன் காலியா இருந்ததால கொஞ்சம் கொஞ்சமா செல்ஃப் அடிச்சு பெட்ரோல் ஏத்த வேண்டியதாச்சு, பேட்டரி முனகிடுச்சு. இப்ப ஓடும்போது வாடை சுத்தமா இல்ல. ஆனா நேத்து டேங்க் ஃபுல் பண்ணினதும் லேசா ஒரு வாசம், அப்ப கேஜ் யூனிட் கேஸ்கெட்டும் போயிருக்கு போல. அதுக்கு டேங்கையே இறக்கணும். பெட்ரோலைத் தீர்த்துட்டு அடுத்த ஞாயித்துக்கிழமை இறக்கறதா இருக்கேன்.