ஒப்பந்தங்களுக்குள் சிக்கிய இறையாண்மை

உலகமயமாக்கல் அரசுகளின் இறையாண்மையை அழித்துவிட்டது என்ற வாதத்தை நான் முழுமையாக ஏற்கவில்லை. வெளிநாட்டு முதலீட்டாளர்கள் நாட்டின் நீதிமன்றங்களுக்கு வெளியே, நடுவர்களிடம் அரசின்மீது வழக்குத் தொடர வழிவிட்டு, தம் கைகளைக் கட்டிய முதலீட்டு ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டவை அந்த அரசுகளே. அதன் விளைவுகளை அவற்றுள் எத்தனை முன்கூட்டியே உணர்ந்திருந்தன என்பது வேறு கேள்வி.

சிகரெட் உறைகளில் நிறுவனச் சின்னங்களைத் தடைசெய்யும் சட்டத்தை ஆஸ்திரேலியா 2011-இல் நிறைவேற்றியது. அந்நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமே அச்சட்டம் செல்லும் என்று 2012-இல் தீர்ப்பளித்த பின்னரும், ஹாங்காங்குடன் 1993-இல் செய்துகொண்ட முதலீட்டு ஒப்பந்தத்தின்கீழ் சிகரெட் நிறுவனமான பிலிப் மோரிஸ் தொடுத்த நடுவர் வழக்கு 2015 இறுதிவரை நீடித்தது. இப்பூசல் வரும் என்று தெரிந்தே நிறுவனம் தன் ஆஸ்திரேலியப் பங்குகளை ஹாங்காங் கிளைக்கு மாற்றியிருந்தது. அது உரிமையைத் தவறாகப் பயன்படுத்துவதாகும் என்று கூறி நடுவர்கள் வழக்கை ஏற்க மறுத்தனர். அதே நிறுவனம் தன்மீது தொடுத்த இத்தகைய வழக்கில் உருகுவே 2016-இல் வென்றது; ஆனால் அச்சிறிய நாட்டின் வழக்குச் செலவுக்கு வெளியிலிருந்து ஓர் அறக்கட்டளை கைகொடுக்க வேண்டியிருந்தது.

இரு அரசுகளுமே வென்றன. எனினும் ஆஸ்திரேலியாவின்மீதான வழக்குகளின் முடிவை எதிர்பார்த்து, நியூசிலாந்து இதே போன்ற தன் சட்டத்தை 2016 வரை தாமதப்படுத்தியது. தீர்ப்பைவிட இந்தத் தயக்கமே எனக்குப் பெரிதாகப் படுகிறது, ஏனெனில் வழக்குக்கு அஞ்சி இயற்றப்படாத சட்டங்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

இந்தியா 2016-க்குப் பின் தன் பழைய முதலீட்டு ஒப்பந்தங்களில் பெரும்பாலானவற்றை முறித்துக்கொண்டது. இனிச் செய்யும் ஒப்பந்தங்களுக்கு அடிப்படையாக அது வகுத்த புதிய மாதிரி ஒப்பந்தம், நடுவர்களிடம் செல்லுமுன் முதலீட்டாளர் முதலில் ஐந்தாண்டுகள் உள்நாட்டு நீதிமன்றங்களில் நிவாரணம் தேட வேண்டும் என்கிறது.