பாதி எழுத்து, பாதி படம்

மணிலாவுல பழைய எழுத்து, சுவடி இதையெல்லாம் போட்டோ எடுத்து பத்திரப்படுத்துற ஒரு ஆபீஸ்ல கொஞ்ச நாள் வேலை பார்த்தேன். முதல் வாரமே மியூசியத்துல லாகுனா செப்பேட்டைப் பார்க்கக் கூட்டிட்டுப் போனாங்க. 1989ல லும்பான் ஊர் ஆத்துல கிடைச்சது, கிபி 900ஆம் வருஷத்துது, நம்வரன்னு ஒருத்தரோட கடன் தீர்ந்துச்சுன்னு எழுதிக் கொடுத்த பத்திரம், ஆனா கடைசி வரி பாதியிலயே நின்னுடுது. ரொம்ப நேரம் அந்தக் கடைசி வரியையே பார்த்துட்டு நின்னேன்.

கூட வேலை பார்த்த அக்கா ஒருத்தங்க, அங்க அக்காவ 'ஆத்தே'ன்னுதான் கூப்பிடணும், அவங்கதான் பாய்பாயின்னு பிலிப்பைன்ஸோட பழைய எழுத்த சொல்லிக் கொடுத்தாங்க. மொத்தமே 17 எழுத்து. மேல ஒரு கீறல் போட்டா இ, கீழ போட்டா உ. நம்ம உயிர்மெய் மாதிரியேன்னு சந்தோஷமா இருந்துச்சு. ஆனா சொல்லோட கடைசில வர்ற மெய்யெழுத்த எழுதவே மாட்டாங்களாம். 'பாயன்'னா ஊர், 'பாயட்'னா காசு கட்டுறது, 'பயாவ்'னா மச்சான், மூணையும் ப, ய ரெண்டே எழுத்துலதான் எழுதுவாங்க. 1620ல லோபஸ்னு ஒரு பாதிரியார் நம்ம புள்ளி மாதிரி சிலுவைக் குறி ஒண்ணு கொண்டுவந்தும் ஜனங்க அதை எடுத்துக்கல. நம்ம ஓலைச்சுவடிலயும் புள்ளி இருக்காதே, படிக்கிறவங்கதானே போட்டுக்கணும், அதனால எனக்கு அது சட்டுனு புரிஞ்சுது.

அப்புறம் மின்டோரோ தீவுக்குப் போனோம், மன்சலாய் பக்கம். அங்க ஹனுனுவோ மங்யான் ஜனங்க இன்னமும் மூங்கில்ல கத்தியால எழுதுறாங்க. ஒரு பெரியவர் மூங்கிலை வயித்துக்கு முட்டுக் கொடுத்து, கத்தி முனைய கீழருந்து மேல தள்ளித் தள்ளி கீறினாரு, ஒவ்வொரு கீறலுக்கும் மெல்லிசா ஒரு சுருள் எழும்பி அவர் மடில விழுந்துச்சு. நான் விடாம எடுத்தேன், 400 படம் இருக்கும், எல்லாமே நல்ல ஷார்ப்பு.

ஆபீஸ்ல வந்து கேப்ஷன் எழுத உட்கார்ந்தா ஒரு வரி கூட ஓடல. ஆத்தே ஸ்கிரீன ஜூம் பண்ணிப் பார்த்துட்டு, "எங்க தகாலோக் மொழின்னா விட்ட மெய்யெழுத்த நானே சேர்த்துப் படிச்சிடுவேன், இது அவங்க மொழி, எனக்கு வராது, அவர் வாசிச்சப்ப நீ ரெக்கார்ட் பண்ணலையா?"ன்னாங்க. பண்ணல. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. அவ்ளோ கிட்ட போய் எழுத்த எடுத்துட்டு வந்தவன் அந்தச் சொல்ல அங்கயே விட்டுட்டு வந்துட்டேன்.

சொந்தக் காசுல திரும்பப் போனேன், படாங்காஸ்ல கப்பல் ஏறி, அப்புறம் பஸ் புடிச்சு. பெரியவர் அதே மூங்கிலை எடுத்து, கட்டைவிரலை அடியில வச்சு மேல நகர்த்திக்கிட்டே பாடினாரு. அம்பஹான்னு பேரு, வரிக்கு ஏழு அசை. எழுத்துல இல்லாத மெய்யெழுத்து ஒவ்வொண்ணும் அவர் வாயில வந்து உட்கார்ந்துச்சு. கேமராவ மடில வச்சுட்டு போனை மட்டும் நீட்டிட்டு இருந்தேன்.

கிளம்புறதுக்கு முன்னாடி ஒரே ஒரு படம் எடுத்தேன். அதுல அவர் கட்டைவிரலும் மூணு எழுத்தும்தான் இருக்கு. அந்த ஃபைலோடயே அவர் பாடுன ஆடியோவையும் சேர்த்து வச்சிருக்கேன்.